வெயிலுகந்தபுரத்துச் சாய்ந்தாட்டம்

ஐப்பசியில் பெய்ய வேண்டிய மழை பங்குனியில் பெய்து, பங்குனியில் அடிக்க வேண்டிய வெயில் எங்கே போனதென்று தெரியாமல் புளியமரங்கள் இரண்டாம் தடவை பூத்து நின்ற வருஷத்தில், ஒரு வியாழக்கிழமை சந்தை கூடிக்கொண்டிருந்த காலை வேளையில், வெயிலுகந்தபுரம் சந்தைத் திடலில் சண்முகக்கனியின் புரோட்டாக் கடைக்கு மேலே, தகரக் கூரைக்கும் வேப்பமரத்து உச்சிக்கும் நடுவில், ஓர் அணுக்கரு வந்து நின்று சுற்றத் தொடங்கியது. மாட்டுவண்டி நீளம் இருந்தது. பழுத்த பனம்பழத்தைப் பிளந்தால் உள்ளே தெரியும் நிறம். தலையும் வாலும் ஒன்றையொன்று துரத்துகிற மாதிரி அத்தனை வேகமாகச் சுற்றியதால், வெறுமனே பார்த்தால் வட்டத் தட்டாகத்தான் தெரியும். சட்டென்று கண்ணை மூடித் திறந்தால் அந்த ஒரு கணத்துக்கு அதன் நீளம் தெரியும். ஆட்டு வியாபாரிகள் ஆடுகளைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினார்கள். ஆடுகள் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தழையைத் தின்றன. சந்தைக் குத்தகைக்காரர் கீழே நின்று வெகுநேரம் யோசித்து, தரையைத் தொடாமல் நிற்கிற எதுவும் தன் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டுக் கருவாட்டு வரிசைப் பக்கம் போனார்.

சண்முகக்கனி அந்த ஈடு மாவைப் பிசைந்து முடித்து, ஈரத்துணியைப் போட்டு மூடி, கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு தங்கைக்குப் போன் போட்டாள்.

“ஏட்டி பேச்சி, நீ பாக்குத சாமான் ஒண்ணு இங்க நம்ம கடைக்கு மேல வந்து நிக்கி. கையில இருக்க வேலைய முடிச்சிட்டு வந்து என்னன்னு பாரு.”

பேச்சித்தாய் எங்கள் ஊர்ப் பெண். எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கிருந்து பாளையங்கோட்டைக்குப் போய்ப் படித்து, அதற்குமேல் எங்கெங்கோ படித்து, வடக்கே ஒரு பெரிய ஆற்றின் கரையில் இருக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். வேகமாகச் சுற்றுகிற அணுக்கருக்கள் என்ன வடிவத்தில் இருக்கின்றன என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. தெரு நீளத்துக்கு ஒரு குழாயை வைத்துக்கொண்டு, அதற்குள் ஓர் அணுக்கருவை விரட்டிக்கொண்டு போய் இன்னொரு அணுக்கருவின் ஓரத்தில் இடிக்க விடுவார்கள். நேருக்கு நேர் இல்லை, ஓரத்தில். இடித்த இரண்டும் ஒன்றாகி, இடித்த வேகத்தில் சுற்ற ஆரம்பிக்கும். பிறகு அந்தச் சுற்றைப் படிப்படியாகக் கழற்றிப்போடும். ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒரு காமாக் கதிரை விடும். அணுக்கருவைக் கண்ணால் பார்க்க முடியாது. அந்தக் கதிர்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு இடைவெளி விட்டு இறங்குகின்றன என்பதைப் பிடித்து, அதை வைத்து, உள்ளே சுற்றியது நீளமா தட்டையா உருண்டையா என்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் ஒரு பொங்கல் லீவுக்கு வந்திருந்தபோது அக்காள் கடையில் உட்கார்ந்து புரோட்டா மாவைக் கையில் எடுத்து, அதிரசம் மாதிரி ஒன்றும் வெள்ளரிக்காய் மாதிரி ஒன்றும் மாங்கொட்டை மாதிரி ஒன்றும் பிடித்துக் காட்டியிருந்தாள். அதனால்தான் சண்முகக்கனிக்குப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது.

மற்றபடி, தங்கச்சி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் சண்முகக்கனிக்குச் சொல்லத் தெரியாது. சுத்துறதப் பாக்கா என்பாள். புரோட்டா தின்ன வருகிற பாறைக்குளத்துக்காரர்கள் அதற்குச் சிரிப்பார்கள். பாறைக்குளத்தில் ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது. ரயில் நிற்கிற ஊர்க்காரர்களுக்கு, ரயில் நிற்காத ஊரைப் பார்த்துச் சிரிப்பதற்கு எப்போதும் ஏதாவது கிடைத்துவிடும்.

ஊருக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் பேச்சித்தாய்க்கு மரியாதை குறைந்து போயிருந்தது. ஒரு வகை அணுக்கரு, நீளத்திலிருந்து உருண்டைக்கு இறங்கும் வழியில், நீளமும் அகலமும் கனமும் மூன்றும் மூன்று அளவாகக் கோணிப்போன ஒரு வடிவத்தை எடுக்கிறது, அப்போது நேராகச் சுற்றாமல் சாய்ந்து சாய்ந்து ஆடிக்கொண்டே சுற்றுகிறது என்று அவள் சொன்னாள். அதற்கு அவள் காட்டிய சாட்சி, இறங்கிவருகிற கதிர்களின் வரிசைக்குப் பக்கத்திலேயே மெலிதாக இறங்கிவரும் இரண்டாவது வரிசை. அவளை அந்த வேலைக்கு எடுத்தவரும் அந்தக் கூடத்துக்கே தலைவருமான பேராசிரியர் சதானந்தன், நிறைந்த சபையில் எழுந்து, அந்த இரண்டாவது வரிசை அணுக்கருவின் குரல் இல்லை, உங்கள் கருவிகளின் எதிரொலி என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அப்படித்தான் தெரிந்தது, தெரிந்ததைச் சொன்னார். அதற்குப் பிறகு பேச்சித்தாய்க்கென்று சோதனை நடத்த நாள் ஒதுக்குவதை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்களின் சோதனைகளுக்குக் கருவிகளைத் திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிர வைத்துக்கொண்டு, மற்றவர்களின் முறைக்கு உட்கார்ந்துகொண்டு இருந்தாள். இதை அக்காளிடம் மட்டும் ஒரு தடவை போனில் சொன்னாள். நான் கேட்டது எதிரொலி இல்லக்கா என்றாள். இல்லன்னா இல்ல என்று சொல்லிவிட்டுச் சண்முகக்கனி மாவை வீச ஆரம்பித்தாள்.

பேச்சித்தாய் ரயில் மாறி ரயில் ஏறி, பாறைக்குளத்தில் இறங்கி, பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் கடை முன்னால் நின்று மேலே பார்த்தாள். வருஷக்கணக்கில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரின் முகத்தை முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். கண்ணை மூடி மூடித் திறந்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதுதாங்க்கா என்றாள். சண்முகக்கனி அவள் கையிலிருந்து பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, முதலில் உட்கார்ந்து சாப்பிடச் சொன்னாள்.

அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் வந்தது. அதற்கு முன்னால் பலமுறை வந்திருந்ததால் எங்களுக்கு அது பழகியிருந்தது. தகரக் கூரை, மண்சுவர், மூட்டைகள், மனிதர்கள் எதையும் பொருட்படுத்தாமல் எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து அந்தப் பக்கம் போகிற ஒரு வெளிச்சம். அது அடிக்கும் நேரத்தில் யாருக்கும் எதற்கும் நிழல் விழாது. கூடவே, அடுத்த தெருவில் யாரோ ஒரு பித்தளை அண்டாவைத் தட்டியது போல ஒரு சத்தம் கேட்கும். அடுத்த தடவை அந்தச் சத்தம் முன்னைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதற்கடுத்த தடவை இன்னும் அதே அளவு இறங்கியிருக்கும். பேச்சித்தாய் கையில் எடுத்த விள்ளலை அப்படியே வைத்துக்கொண்டு, அடுத்த சத்தம் வரும்வரை தின்னாமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை பேரூராட்சித் தலைவி ஞானசௌந்தரி மைக் செட்டு கட்டச் சொல்லி, பேச்சித்தாயைப் பேச வைத்தார். இதனால் உடம்புக்குக் கெடுதல் உண்டா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்டார்கள். அவள் கையடக்கமான ஒரு கருவியை எடுத்துக்கொண்டு திடல் முழுக்க நடந்து, தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஆடுகள் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சித்திரை வெயில் செய்கிற அளவுக்குக்கூட இது செய்யாது என்றாள். அது ஒவ்வொரு படி இறங்கும்போதும் விடுகிற கதிர்தான் இந்த வெளிச்சமும் சத்தமும், ஆய்வுக்கூடத்தில் மூர்க்கமாக இருப்பது இங்கே வந்து சாதுவாக இருக்கிறது என்றாள். அங்கெல்லாம் இமைக்க வேண்டும் என்று நினைப்பதற்குள் முழுச் சுற்றையும் கழற்றிப்போட்டு ஓய்ந்துவிடுமாம். இங்கே மட்டும் இப்படி ஆற அமர நின்று இறங்குகிறதாம். அதில் எங்களுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊருக்கு வருகிற எதுவும் அவசரப்பட்டதில்லை, பஸ் உட்பட.

அப்படியே அது எங்கள் ஊர் ஆளாகிவிட்டது. வெளிச்சம் அடிக்கிற நேரத்தில் எடுத்தால் முகத்தில் நிழலே விழாது என்பதால் கல்யாண வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளையையும் பெண்ணையும் கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்திக் காத்திருந்து போட்டோ எடுத்தார்கள். பாங்கு சொல்லும்போதோ கோயில் மணி அடிக்கும்போதோ சத்தம் வந்தால் அது முடிகிறவரை நிறுத்திக்கொள்வது என்று பள்ளிவாசலும் கோயிலும் சர்ச்சும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தன. சர்ச் பாட்டுக்குழு அன்றைக்குக் கேட்ட சத்தத்தையே சுதியாக வைத்துக்கொண்டதால் வாரத்துக்கு வாரம் பாட்டு இறங்கிக்கொண்டே வந்தது, பெண்கள் பாட முடியாமல் ஆண்கள் மட்டும் பாடினார்கள். வத்தல் காயப்போடுகிற பெண்கள் அதன் அடியில் காயப்போட்டால் நிறம் மங்காது என்றார்கள், சிலர் அதெல்லாம் இல்லை என்றார்கள். கண்டக்டர்கள் சந்தை ஸ்டாப்பை அணு ஸ்டாப் என்று கூப்பிட்டார்கள். சண்டை போட்டுப் பல வருஷமாகப் பேசாமலிருந்த பங்காளிகள் இரண்டு பேர், அது நீளமா தட்டையா என்று தர்க்கம் செய்து, தர்க்கத்தை முடிப்பதற்காகத் தினமும் சந்தித்து, கடைசியில் எதற்காகப் பேசாமலிருந்தோம் என்பதை மறந்தார்கள். பாறைக்குளத்துக்காரர்கள் முதலில் அதை சர்க்கஸ் பலூன் என்றார்கள். பிறகு, தங்கள் ஸ்டேஷனுக்கு வர வேண்டியது வழிதவறி இங்கே வந்துவிட்டது என்றார்கள். அப்படி அவர்கள் சொன்ன அன்றைக்கு எங்கள் ஊரில் பலர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு பாறைக்குளத்து வழியாக வேண்டுமென்றே நடந்து போய்வந்தார்கள்.

சண்முகக்கனியிடம் தங்கச்சி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் மேலே கையைக் காட்டினால் போதும் என்று அவள் காத்திருந்தாள்.

சதானந்தன் லாரியும் ஆட்களும் அதிகாரிகளுமாக வந்து இறங்கினார். திடலைச் சுற்றி வேலி போட வேண்டும், சந்தையை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும், இதைப் பத்திரமாக ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். ஞானசௌந்தரி அவர்களை எதிர்த்துப் பேசவில்லை. கொண்டுபோக முடிந்தால் கொண்டுபோங்கள், முடிந்த பிறகு வேலியைப் பற்றிப் பேசலாம் என்றார். அவர்கள் கிரேனை நிறுத்தி, எஃகுக் கம்பி வலையை வீசினார்கள். வலை அதற்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து, வேப்பமரத்தில் மாட்டிக்கொண்டது. காந்தப் பெட்டி வைத்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற இரும்புக் கடைக்காரரின் அரிவாள்கள் எல்லாம் அதில் போய் ஒட்டிக்கொண்டன, அணுக்கரு அசையவில்லை. மாலையில் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சதானந்தன் மட்டும் எங்கள் ஊர்ப் பயணியர் விடுதியில் தங்கினார். தினமும் காலையில் குடையோடு வந்து சண்முகக்கனி கடை பெஞ்சில் உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார். சண்முகக்கனி அவருக்கு டீ கொடுப்பாள். சீனி போதுமா என்று மட்டும் கேட்கமாட்டாள்.

வெங்காய மூட்டை வாங்கி விற்கிற உள்ளிக் கமிஷன் கடை பீர்முகமது அண்ணன்தான் ஒருநாள் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இது இனிமேல் என்ன செய்யும் என்று கேட்டார். நாங்கள் சுற்றி நின்றோம். பேச்சித்தாயும் நின்றாள். சதானந்தன் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். நீளம் குறைந்து குறைந்து நேராக உருண்டையாகும், நடுவில் கோணாது, சாய்ந்தாடாது என்றார். பிறகு பேச்சித்தாய் பக்கம் திரும்பினார்.

“அந்த ரெண்டாவது குரல் கருவியோட எதிரொலின்னு நான் சொன்னேன். இங்க கருவியே இல்லை. நம்ம காதுதான் இருக்கு. அதனால இங்க அது கேட்காது.”

“இங்க கேட்டா?” என்றார் பீர்முகமது.

“கேட்டா, நான் சொன்னது தப்பு.”

பேச்சித்தாய் தலையை ஆட்டினாள். சார் சொல்வது நியாயம், இதைவிடச் சுத்தமாக ஒரு சோதனையை அந்தக் கூடத்தில் யாராலும் செய்திருக்க முடியாது என்றாள்.

அன்றிலிருந்து சாய்ந்தாட்டம் என்பது ஊரின் மானப் பிரச்சினை ஆனது. எங்க அணு ஆடும் என்று நாங்கள் சொன்னோம். பாறைக்குளத்துக்காரர்கள் ஆடாது என்றார்கள். அவர்கள் ஸ்டேஷன் கடியாரத்தின் மேல் சத்தியம் செய்தார்கள், நாங்கள் எங்கள் வெயிலுகந்தம்மன் மேல் செய்தோம். ஆடினால் பாறைக்குளத்துக்காரர்கள் தங்கள் ஸ்டேஷன் வாசலில், வெயிலுகந்தபுரம் செல்ல இங்கே இறங்கவும் என்று போர்டு வைக்க வேண்டும். ஆடாவிட்டால் எங்கள் ஊர் இனிமேல் அவர்கள் சிரிப்பதைப் பற்றி எதுவும் சொல்லக்கூடாது என்று இரண்டு ஊரும் ஒத்துக்கொண்டன.

இதையெல்லாம் பார்த்துப் பேச்சித்தாயின் முகம் சுண்டிப்போயிற்று. கடையில் கூட்டமில்லாத ஒரு பிற்பகலில், வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அக்காளிடம் சொன்னாள்.

“எல்லாம் அந்த வழியில போகாதுக்கா. நூத்துக்கு ரெண்டு மூணுதான் கோணிக்கிட்டு இறங்கும். மிச்சமெல்லாம் சார் சொல்லுத மாதிரி நேராத்தான் போகும். இது எந்த வழின்னு எனக்குத் தெரியாது.”

சண்முகக்கனி அரிவதை நிறுத்தவில்லை. “அத ஊருக்குள்ள சொல்லணுமாக்கும்?”

“சொல்லணும்.”

“சொல்லாட்டி யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்லாக்கா. தெரிஞ்சத மறைச்சுட்டு அது ஆடுனாலும், அப்புறம் நான் கேட்டது குரலா எதிரொலியான்னு எனக்கே சந்தேகம் வந்துரும்.”

சண்முகக்கனி கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள், வெங்காயம் நல்ல காரமாக இருந்தது. அப்பன்னா சந்தை கூடும்போது மைக்குலயே சொல்லு, பொறவு பேசி மாத்திட்டான்னு ஒருத்தரும் சொல்லக்கூடாது என்றாள்.

வியாழக்கிழமை பேச்சித்தாய் மைக்கைப் பிடித்து, அக்காளிடம் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் ஊரிடம் சொன்னாள். இது ஆடாமலே போகலாம், ஆடாமல் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம், நீங்கள் என்னை நம்பி வாக்குக் கொடுத்துவிட்டீர்கள், வாபஸ் வாங்குவதாக இருந்தால் இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். பாறைக்குளத்துக்காரர் சிலர் முகத்தில் சிரிப்பு வர ஆரம்பித்தது. பீர்முகமது அண்ணன் மூட்டை மேல் உட்கார்ந்தபடியே பேசினார்.

“தங்கச்சி, வெரல விட்டு எண்ணுனா நூத்துல ரெண்டு பேருதான் இந்த ஊருல நேரா இருக்கோம். நாங்க யாரும் வாபஸ் வாங்கல. அது ஆடுச்சுன்னா எங்க ஊருல ஆடுச்சு. ஆடலைன்னா, மைக்கப் பிடிச்சு இப்படிச் சொல்லுத ஒரு பிள்ள எங்க ஊருல பெறந்தான்னு சொல்லிக்கிடுவோம். அந்த போர்டு எங்களுக்கு வேண்டாம்.”

யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் அவரவர் தராசைத் தூக்கினார்கள், யாவாரம் நடந்தது. ஆனால் அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது நாங்கள் எல்லாருமே கொஞ்சம் நிமிர்ந்து நடந்ததாகப் பிறகு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

அணுக்கரு இறங்கிக்கொண்டே வந்தது. முன்பெல்லாம் ஒரு நாளைக்குப் பலமுறை வந்த வெளிச்சம், பிறகு நாளுக்கு ஒன்றானது, பிறகு சில நாட்களுக்கு ஒன்றானது. வேகம் குறையக் குறைய அடுத்த படிக்கு இறங்க அதற்கு அதிக நேரம் தேவைப்படுகிறது என்றாள் பேச்சித்தாய். மாட்டுவண்டி நீளம் போய்க் கட்டில் நீளம் ஆனது. கண்ணை மூடித் திறக்காமலே வடிவம் தெரிந்தது. சத்தம் அண்டாவிலிருந்து உரலுக்கு இறங்கியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அதே அளவு இறங்கியது, ஒவ்வொரு தடவையும் ஒற்றைக் குரலாகத்தான் இறங்கியது. சதானந்தன் பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை என்பதை முதலில் கவனித்தவள் சண்முகக்கனி.

கடைசியில் ஒரு சந்தை நாள் உச்சிவெயிலில், கருவாட்டுக் கூடைகள் பாதி காலியாகியிருந்த நேரத்தில், வெளிச்சம் அடித்தது, சத்தம் வந்தது. நாங்கள் எல்லாரும் எதிர்பார்த்த இடத்தில் அந்தச் சத்தம் இல்லை. படியில் கால் வைக்கப்போய்ப் படி இல்லாமல் இருந்தால் உடம்பு தூக்கிப்போடுமே, அப்படிச் சந்தை முழுக்க ஒரு கணம் தூக்கிப்போட்டது. மேலே பார்த்தோம். அதன் ஒரு விலா ஒட்டிப்போயிருந்தது. நீளம் ஒரு அளவு, அகலம் ஒரு அளவு, கனம் ஒரு அளவு என்று மூன்றும் ஒத்துக்கொள்ளாமல், மாங்கொட்டை மாதிரி கோணி நின்றது. அப்படியே சுற்றிக்கொண்டே மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. விழப்போகிறது என்று நினைத்துக் கீழே நின்றவர்கள் கையை நீட்டினார்கள். அது விழவில்லை. மறுபக்கம் சாய்ந்தது. சாய்ந்து, நிமிர்ந்து, சுற்றுகிற அச்சே ஒரு சுற்றுச் சுற்றிவர, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கைவீசி வருகிற பெரிய மனுஷி மாதிரி ஆடி ஆடிச் சுற்றியது. அடுத்த வெளிச்சத்துக்கு அன்று நாங்கள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரத்திலேயே அடித்தது, அப்போது வந்தது வேறொரு குரல். அதற்கடுத்தது முதல் குரல். மறுபடி அந்த வேறு குரல். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, ஒரே அளவு இடைவெளி விட்டு, இரண்டு பேர் தோளோடு தோள் படியிறங்கிப் போகிற மாதிரி இரண்டு குரலும் இறங்கின. சந்தை முழுவதும் கழுத்து சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. ஆட்டு வியாபாரிகளும், கருவாட்டுக்காரிகளும், ஞானசௌந்தரியும், பாறைக்குளத்துக்காரர்களும், யாரும் சொல்லாமலே அதோடு சேர்ந்து சாய்ந்தார்கள்.

சதானந்தன் பெஞ்சிலிருந்து எழுந்து குடையை மடக்கி வைத்துவிட்டு, வெயிலில் திடல் நடுவே போய்த் தலையைத் தூக்கி நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு பேச்சித்தாய் நின்ற இடத்துக்கு வந்தார்.

“எதிரொலி இல்லை,” என்றார்.

“இல்ல சார்.”

“எந்தச் சபையில சொன்னேனோ அதே சபையில நான் தப்புன்னு சொல்றேன்.”

அவள் மேலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாள். “ஒண்ண மட்டும் வச்சு நீங்க எதையும் சொல்ல வேண்டாம் சார். எனக்கு அங்க சோதனைக்கு நாள் குடுங்க. ஆயிரக்கணக்குல சுத்த விட்டு, எத்தனை ஆடுதுன்னு எண்ணி, அப்புறம் சொல்லுவோம்.”

எங்களில் சிலருக்கு அது ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு பெரிய மனிதர் தானாக இறங்கி வரும்போது இவள் அதைப் பிடித்துக்கொள்ளாமல் விட்டுவிட்டாளே என்று பேசிக்கொண்டார்கள். சதானந்தன் மட்டும் சரி என்று சொல்லித் திரும்பிவந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சண்முகக்கனி டீயை ஆற்றிக் கொண்டுவந்து வைத்து, சீனி போதுமா சார் என்று கேட்டாள்.

சாய்ந்தாட்டம் பல நாட்கள் நடந்தது. சுற்று ஊர்களிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். பாறைக்குளத்தில் நாங்கள் கேட்காமலே போர்டு வைத்தார்கள். பிறகு கோணல் கொஞ்சம் கொஞ்சமாக நிரவி, அது உருண்டைக்கு வந்தது. முழு உருண்டை ஆகிவிட்டால் அதற்குச் சுற்றத் தெரியாது என்றாள் பேச்சித்தாய். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருப்பதற்குச் சுற்றினேன் என்று காட்ட ஓர் அடையாளமும் கிடையாது, கோணல் இருக்கிறவரைதான் சுற்று என்றாள். அதைக் கேட்டுப் பீர்முகமது அண்ணன் ஆளுக்கு ஆள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிச் சத்தம் காதில் கேட்கவில்லை, உள்ளங்காலில் கேட்டது. அதன் பிறகு அது அசையாமல், பனம்பழ நிறத்தில், ஓர் உருண்டையாக நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிறுத்து, நெல்லிக்காய் அளவாகி, கடுகளவாகி, கண்ணுக்குத் தெரியாத தன் சொந்த அளவுக்குப் போய்விட்டது. எங்கே போய் விழுந்ததென்று தெரியாது. வேப்பம்பூவில் இருக்கலாம், உள்ளி மூட்டையில் இருக்கலாம், யார் தலைமுடியிலாவது இருக்கலாம். திடலைக் கூட்ட வேண்டாமா என்று துப்புரவுப் பணியாளர்கள் கேட்டதற்கு ஞானசௌந்தரி, எப்போதும் போலக் கூட்டுங்கள், அது ஊரை விட்டுப் போகாது என்றார்.

பேச்சித்தாய்க்கு நாள் கொடுத்தார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அவள் சுற்ற விட்டு எண்ணினாள். சதானந்தன் தன் வயதையும் பதவியையும் பார்க்காமல் அவளோடு முறை போட்டு உட்கார்ந்தார். ஊரில் தானாக நின்று காட்டிய குரலை, அங்கே லட்சோபலட்சம் குரல்களுக்கு நடுவிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. பிரித்தெடுத்தாள். நூற்றுக்கு இரண்டு மூன்று என்று அவள் சொன்னது சரியாகவே இருந்தது.

அதைச் சபையில் வைத்த அன்றைக்குச் சண்முகக்கனி கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தாள். அவள் கடையைப் பூட்டி நாங்கள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அங்கே நடந்ததை அவள் வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஏசி போட்டுக் குளிரவைத்த பெரிய கூடம். பல தேசத்து ஆட்கள். கடைசி வரிசையில் இவளுக்கு ஓர் இடம். பேச்சித்தாய் அரக்குக் கரை போட்ட பருத்திச் சேலையில் மேடையேறி, ஒரு தாளையும் பார்க்காமல் பேசினாள். சண்முகக்கனிக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. சுவரில் வரிசை வரிசையாகக் கோடுகள் வந்தன. இடையில் சதானந்தன் எழுந்து ஏதோ சொன்னார், சபை அமைதியாகக் கேட்டது. என்ன சொல்லியிருப்பார் என்பது மட்டும் இவளுக்கு மொழி தெரியாமலே விளங்கியது. கடைசியில் மாங்கொட்டை வடிவம் சுவரில் வந்தது. கண்டுபிடித்தவர்கள் அதற்குப் பெயர் வைக்கலாம் என்பது அங்கே வழக்கமாம். பேச்சித்தாய் ஒரு பெயரைச் சொன்னாள்.

முன்வரிசையில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் கையைத் தூக்கி, மறுபடி சொல்லச் சொன்னார். அவள் மறுபடி சொன்னாள். அவர் சொல்லிப் பார்த்தார், வரவில்லை. பக்கத்தில் இருந்த ஜப்பான்காரர் சொல்லிப் பார்த்தார், அவருக்கும் வரவில்லை. பேச்சித்தாய் அவசரப்படாமல் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள், அத்தனை பேரும் குனிந்து எழுதினார்கள். பிறகு அங்கொருவர் இங்கொருவராக, வெயிலு, வெயிலுகன், வெயிலுகந்த என்று அந்தக் கூடம் முழுக்க முனகல் எழுந்து, கடைசியில் யாரோ ஒருவர் முழுசாகச் சொல்லி முடித்தார்.

சண்முகக்கனி எழுந்து நின்றாள். ஏன் நின்றோம் என்று தனக்கே தெரியாது என்றுதான் எங்களிடம் சொன்னாள். பின்னால் நாற்காலி தடக்கென்று மடங்கிய சத்தத்தில் கொஞ்சம் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த பையன் ஒருவன், ஏதாவது வேண்டுமா, உட்காருங்கள் என்று ஜாடை காட்டினான்.

“எங்க ஊரு,” என்றாள் அவனிடம்.

அவனுக்குத் தமிழ் தெரியாது. மேடையில் இருந்தவள் அவளைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்பது போல ஒரு தடவை தலையை அசைத்து, அடுத்த படத்துக்குப் போனாள். பேச்சு முடிகிறவரை சண்முகக்கனி உட்காரவில்லை.